படத்தில் இல்லாத கோடு

நெபுலா படத்தை நம் இளையோரிடம் காட்டினால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணே, இது நெசமா, எடிட் பண்ணதா?" ரெண்டும்தான் என்பேன். சிரிப்பார்கள். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. உண்மை பேசு என்று சமய வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு படம் எப்போது உண்மை பேசுகிறது, எப்போது பொய் சொல்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொள்வோம். நம் திருவாதிரை இருக்கும் அதே ஓரியன் கூட்டத்தில், இடுப்புப் பட்டை போல வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தூரம் 1,300 ஒளியாண்டுக்கும் மேல். தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஊதிவிட்ட புகை மாதிரி தெரியும், அவ்வளவுதான். முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண் நிறம் பிரிக்காது. கேமரா அப்படியில்லை. 2 நிமிடம் திறந்து வைத்தால் 2 நிமிட வெளிச்சத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்படி 60 படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் சிவப்பு எழுந்து வரும். அது ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு. நான் பூசியதில்லை. அங்கே இருந்தது, என் கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

1995-இல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கதை வேறு. ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம் என்று விஞ்ஞானிகளே நிறம் கொடுத்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டத்தான். அதை மறைக்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்தார்கள். அதையும் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பொய் எது தெரியுமா? தைப்பூச நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பத்துமலைப் படங்களில் சில. முருகன் சிலைக்குப் பின்னால், சிலை உயரத்துக்கே முழு நிலா! வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். 42.7 மீட்டர் சிலையும் நிலாவும் ஒரே அளவில் தெரிய வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் தள்ளி நின்று எடுக்க வேண்டும். சிலையின் காலடியில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் அப்படி ஒரு நிலா இருந்தால் அது ஒட்ட வைத்தது. பக்தியோடு ஒட்டினாலும் ஒட்டியது ஒட்டியதுதான்.

இதுவரை எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் துணைக்கோளத்தில் வருகிறது.

மலேசியா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுற்றும் துணைக்கோளங்களின் வரிசை, நமக்கு ஓரியனின் இடுப்புப் பட்டையை ஒட்டியே தெரியும். நம் கூரைத் தட்டுக்குத் தொலைக்காட்சி அனுப்பும் மீசாட்டும் அந்த வரிசையில்தான். கேமரா நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து நகரும்போது, ஒரே இடத்தில் நிற்கும் துணைக்கோளம் படத்தில் கோடாக விழும். அதற்கு ரொம்பக் கீழே, சுமார் 550 கிலோமீட்டரில், ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் 60 போனது. இன்று ஆயிரக்கணக்கில். நமக்கு இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம் மேலே அவற்றின்மீது வெயில் படும். விடிவதற்கு முன்பும் அப்படியே. அந்த நேரங்களில்தான் கோடு அதிகம்.

அழிப்பது சுலபம். அடுக்கும் மென்பொருள் 60 படங்களையும் புள்ளி புள்ளியாக ஒப்பிடும். ஒரு படத்தில் மட்டும் வந்து மற்ற 59-இல் வராத வெளிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஒரே பட்டன், தாத்தா காலத்து வானம் திரும்பி வந்துவிடும்.

இதை விளக்கியபோது ஒரு தம்பி துள்ளினான். "இது வேதாந்தம் அண்ணே! மூனு காலத்திலயும் மாறாம இருக்கிறதுதான் சத்தியம், வந்து போறது மாயை. மென்பொருளும் அதைத்தானே செய்யுது?" நல்ல மூளை. நானும் பல நாள் அதை அசை போட்டேன். ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

நெபுலா மட்டும் நிலையானதா என்ன? ஓரியன் நெபுலாவில் இப்போதுதான் நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்த வாயுவும் ஒருநாள் கலைந்து போகும். முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களாக நாம் வணங்கும் நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றி, படத்தில் நீலமாக ஒரு தூசி தெரியும். அது அந்தக் கூட்டத்துக்குச் சொந்தமானதே இல்லை. போகிற வழியில் நட்சத்திரங்கள் அந்தத் தூசிக்குள் நுழைந்திருக்கின்றன. அதுவும் வந்து போவதுதான், ரொம்ப மெதுவாக. ரெண்டு மணி நேரம் மாறாமல் இருந்தது என்பதற்காக ஒன்றைச் சத்தியமாக்கிவிட முடியுமா? இன்னொன்று, நம் சைவ சித்தாந்தம் உலகத்தை வெறும் தோற்றம் என்று தள்ளுவதில்லை. அசத்து என்றால் மாறிக்கொண்டே இருப்பது. இல்லாதது என்று பொருளில்லை. அந்தக் கோடு சில நொடிதான் இருந்தது. ஆனால் இருந்தது.

அப்படியானால் அதை அழிக்கும்போது நான் யாரிடம் பொய் சொல்கிறேன்? நெபுலாவைக் காட்டுவதற்கான படம் என்றால், கோட்டை எடுப்பது லென்ஸில் விழுந்த தூசியைத் துடைப்பது மாதிரி. அதே படத்துக்கு 'இன்றைய மலேசிய வானம்' என்று தலைப்பு வைத்தால் அது பொய். இதில் எனக்குச் சந்தேகமில்லை. துணைக்கோளக் கூட்டங்களிடமிருந்து இருண்ட வானத்தைக் காக்க அனைத்துலக வானியல் ஒன்றியம் 2022-இல் தனி மையமே தொடங்கியது. நாங்களோ எல்லாக் கோட்டையும் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி படம் போட்டுக்கொண்டிருக்கிறோம். வானம் நிரம்பிக்கொண்டிருப்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதற்காக அந்தக் கோட்டை வில்லனாக்கவும் முடியவில்லை. 2023-இல் ஸ்டார்லிங்குக்கு இங்கேயும் அனுமதி கிடைத்தது. சரவாக் உட்புறத்தில் கேபிள் போகாத ஊரில் ஒரு பிள்ளை பாடம் படிக்க அந்தக் கோடு உதவலாம். என் படம் சுத்தமாக வர அந்தப் பிள்ளை இணையமில்லாமல் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? திருவாதிரை, கார்த்திகை, பூசம் என்று பார்த்துப் பார்த்து நாம் விழா வகுத்த வானத்தை நாலைந்து நிறுவனங்கள் யாரையும் கேட்காமல் நிரப்ப மட்டும் என்ன உரிமை? இந்த ரெண்டு கேள்வியையும் எடை போட எனக்குத் தராசு கிடைக்கவில்லை.

இப்போதைக்கு ஒன்று செய்கிறேன். படத்துக்குக் கீழே எத்தனை படம் அடுக்கியது, எந்த நிறம் யார் கொடுத்தது, கோடுகள் நீக்கப்பட்டதா என்று எழுதிவிடுகிறேன். கோடு விழுந்த ஒரு படத்தையும் பக்கத்திலேயே போடுகிறேன். லைக் குறையத்தான் செய்யும்.

தம்பிக்கு இன்னும் திருப்தி இல்லை. கோடு விழுந்த படம் குப்பை என்கிறான். அடுத்த அமாவாசைக்கு அவனையும் செகிஞ்சான் வயல் பக்கம் கூட்டிப் போகிறேன். எதை வைப்பது, எதை எடுப்பது என்று அந்தப் பட்டனை அவனே அழுத்தட்டும்.