நினைவும் வாய்மையும்

வாய்மை என்பது யாது? தெரிந்தே பொய் கூறாதிருத்தல் என்று இளமையில் கற்றோம். ஆசிரியப் பணியிலும் அவ்வாறே கற்பித்து வந்தோம். உள்ளத்தில் இருப்பதை ஒளிக்காமல் உரைப்பவர் வாய்மையாளர் என்பதில் நமக்கு ஐயம் எழுந்ததில்லை. ஆனால் உள்ளத்தில் இருப்பதே நடந்ததற்கு மாறானதாக இருந்தால்? மெய்யென்றே நம்பி ஒருவர் உரைப்பது நடவாத ஒன்றாயின், அவரை வாய்மையாளர் என்பதா, அல்லர் என்பதா?

இவ்வினா எம் உள்ளத்தில் எழக் காரணம் உண்டு. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் உளவியல், மூளையியல் துறையினர் நிகழ்த்தும் ஆராய்ச்சிச் சொற்பொழிவுகள் சில, இக்காலத்தில் எவரும் வீட்டிலிருந்தே காணும்படி ஒளிப்பதிவாகக் கிடைக்கின்றன. உளவியல் பயிலும் எம் பேத்தி மாலை வேளைகளில் அவற்றைக் காட்டி, எமக்குத் தமிழில் விளக்குவாள். நினைவாற்றலைப் பற்றி அவ்வாறு அறிந்தவை எம் உறக்கத்தைக் கெடுத்தன.

1986ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏவப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. அதிலிருந்த எழுவரும் மாண்டனர். மறுநாட் காலையே, அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகப் பேராசிரியர் உல்ரிக் நைசர், மாணவர்களிடம் ஒரு வினாத்தாளை அளித்தார். செய்தியைக் கேட்டபோது எங்கிருந்தீர்கள், யார் கூறினர், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பன போன்ற வினாக்கள். 106 பேர் தம் கைப்பட விடை எழுதினர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர்களுள் 44 பேரிடம் அவ்வினாக்களே மீண்டும் கேட்கப்பட்டன. முதன்மையான விவரங்களில் ஒன்றையேனும் சரியாகக் கூறாதோர் 11 பேர். முற்றும் சரியாகக் கூறியோர் மூவரே! தவறாகக் கூறியோருள்ளும் பலர் சிறிதும் ஐயமின்றிக் கூறினர். அவரவர் பழைய விடைத்தாளைக் காட்டியபோதும் மறைந்த நினைவு மீளவில்லை. தம் கையெழுத்தைக் கண்ட பின்னரும், தம் மனம் புதிய கதையையே பற்றி நிற்கிறது என்று கூறியோரும் உண்டு.

பிறர் சொல்லும் ஒரு சொல்லும் நினைவை மாற்ற வல்லது. சியாட்டில் நகரத்து வாசிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை விளக்கும். மாணவர்களுக்கு ஒரு கார் விபத்தின் படத்தைக் காட்டினர். கார்கள் "மோதி நொறுங்கியபோது" வேகம் எவ்வளவு என்று 50 பேரிடமும், வெறுமனே "மோதியபோது" எவ்வளவு என்று வேறு 50 பேரிடமும் கேட்டனர். ஒரு வாரம் சென்றபின், உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. எனினும் முதற் குழுவில் 16 பேரும், மற்றதில் 7 பேரும் கண்டதாகக் கூறினர். அவர்கள் பொய்யர் அல்லர். வினாவில் இருந்த சொல்லே அவர்கள் நினைவில் கண்ணாடியை உடைத்துவிட்டது.

மூளையில் நிகழ்வது என்ன? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாதர் முதலியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, உறுதிப்பட்ட நினைவும் மீண்டும் எண்ணப்படும்போது இளகி, மறுபடியும் பதியவேண்டியதாகிறது என்று காட்டிற்று. எலிகளை அச்சுறுத்தி, அவற்றின் மூளையில் மருந்து செலுத்திக் கண்ட முடிவு இது. உயிர்களை வருத்திப் பெற்ற அறிவு என்பதை அறிந்தபோது நெஞ்சம் வருந்திற்று. அதனை மறைத்துவிட்டு முடிவை மட்டும் உரைப்பது இக்கட்டுரைக்கே பொருந்தாது.

இவை வெறும் வியப்புச் செய்திகள் அல்ல. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று மெய்ப்பிக்கப்பட்டு விடுதலை பெற்றோரின் வழக்குகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் சாட்சியர் தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தமை தெரியவந்தது. அவர்களுள் பலர் மனமறிய வஞ்சித்தவர் அல்லர். உறுதியாக நம்பியே கைநீட்டினர். அந்த உறுதி ஒருவரைப் பல்லாண்டுகள் சிறையில் வைத்தது.

நீதிமன்றம் இருக்கட்டும், எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம். எம் இளைய சகோதரி ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றே ஐம்பது ஆண்டுகளாகக் கூறி வந்தோம். உறவினரிடமும், அவள் மக்களிடமும், அவள் அருகில் இருக்கும்போதும் கூறினோம். அவள் மறுத்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய வீட்டை ஒழித்தபோது, தந்தையார் கம்பியில் குத்தி வைத்திருந்த கடிதங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, ஆசிரியப் பயிற்சி விடுதியிலிருந்து 1968ஆம் ஆண்டு யாம் எழுதியது. விடுதிக் கட்டணம் கட்டவேண்டியுள்ளது. தங்கையின் படிப்பு ஓராண்டு பொறுக்கலாம் என்று எம் கையெழுத்தில் இருந்தது. அந்த ஓராண்டு பின்னர் வரவேயில்லை.

அக்கடிதத்தை எழுதிய நினைவு எமக்கு இன்றளவும் இல்லை. அதனை எடுத்துக்கொண்டு தங்கையிடம் சென்றோம். அவள் கண்ணாடியை அணிந்து படித்துவிட்டு, "அக்கா, அப்பா அன்றே எனக்குப் படித்துக் காட்டினார். நீ மறந்துவிட்டாய் என்று தெரியும். மறந்ததைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன்" என்றாள்.

மறந்தது குற்றமா? மூளையின் இயல்பு அதுவென்று அறிஞர் கூறுவதை ஏற்கிறோம். ஆயினும் எம் மறதி எமக்குச் சாதகமாகவே அமைந்தது. பழி முழுவதும் அவள்மேல் விழுந்தது. ஐயமே இன்றி அதனைப் பலர் முன் உரைத்தோமே, ஒருநாளேனும் அவளைக் கேட்டோமா? வினை வருவதற்கான காரணங்களுள் பிரமாதம் எனப்படும் விழிப்பின்மையையும் நம் முன்னோர் வைத்ததன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. பொய் சொல்லும் எண்ணம் இல்லை என்பது மட்டும் வாய்மை விரதத்தைக் காத்துவிடாது.

நினைவு அனைத்துமே பொய் என்று ஆய்வாளர் கூறவில்லை. சேலஞ்சர் சிதறியதை அம்மாணவர் எவரும் மறக்கவில்லை, விவரங்களே மாறின. ஆகவே நினைவைத் துறக்க வேண்டுவதில்லை; உறுதியை அளவோடு கொள்ள வேண்டும். நிலப் பங்கீட்டிலும், நகைப் பங்கீட்டிலும், அன்று யார் என்ன சொன்னார் என்ற வழக்கிலும் குடும்பங்கள் பிரிவதைக் காண்கிறோம். இரு தரப்பினரும் மெய்யே உரைப்பதாக நம்புகின்றனர். அவ்வேளையில் "எனக்கு நினைவிருக்கும் அளவில்" என்று தொடங்கி, "உனக்கு எவ்வாறு நினைவிருக்கிறது?" என்று முடிப்போமாயின், பாதி வழக்கு அங்கேயே தீரும்.

நினைவு பிறழ்வது நம் வசத்தில் இல்லை. பழைய கையெழுத்து நம் முன் வைக்கப்படும்போது, நினைவைப் பற்றிக்கொள்வதா, கையெழுத்தை ஒப்புக்கொள்வதா என்பது நம் வசத்தில் உள்ளது. நம் பொறுப்பு அங்கே தொடங்குகிறது. எம் தங்கையின் மக்களை அழைத்து, அவர்கள் தாய் படிப்பை வெறுத்தவள் அல்லள் என்று கூறினோம். ஐம்பது ஆண்டுகள் தாழ்ந்தாவது அதனைக் கூற முடிந்ததே என்பது எமக்குச் சிறு ஆறுதல்.