உசுரு இருக்குல்ல

விபத்தில் கால் போனவரைப் பார்க்கப் போகிறவர்கள் எங்கள் தேனிப் பக்கம் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "கால் போனா போகுது, உசுரு இருக்குல்ல." ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் உயிர் மிஞ்சியவர் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது என்ற தீர்ப்பும் அதற்குள் இருக்கிறது.

அந்தத் தீர்ப்பைச் சோதிக்கும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. தொடை எலும்புக்குள் டைட்டானியம் தண்டைப் பதித்து, செயற்கைக் காலை நேரே அதில் மாட்டுவது. ஸ்வீடனில் 1990இல் இது தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்கடியில் நாள் முழுக்க நிற்பவருக்கு, வியர்வையில் வழுக்கித் தோலைப் புண்ணாக்கும் சாக்கெட் இல்லாமல் போவது சின்ன விஷயமில்லை. தண்டு வெளிவரும் இடத்தில் கிருமித்தொற்று வரலாம் என்பதால் வயல் சேற்றில் இறங்குவது மட்டும் ஆபத்து.

இன்னொரு ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கட்டி. இரத்த ஓட்டம் மந்தமாவது, இரத்தக்குழாய்ச் சுவர் காயப்படுவது, இரத்தம் எளிதில் உறையும் நிலைக்கு வருவது என்று அதற்கு மூன்று காரணங்களை ஜெர்மானிய மருத்துவர் விர்க்கோவின் பெயரால் சொல்வார்கள். எலும்பைக் குடைந்து தண்டை இறக்கும் மேசையில் மூன்றும் கூடிவிடுகின்றன. நடக்கும்போது இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. அதுவும் ஒரு பக்கம் இல்லை. கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிரே போகலாம். ஹெப்பாரின் ஊசி அதைத் தடுக்கும். கூடிப்போனால் இரத்தம் கசியும். விபத்தன்று உயிரைக் காத்ததில் பங்குள்ள அதே உறைதல்தான் இன்று எதிரி.

"ரொம்பக் குறைஞ்ச சதவீதம்தாங்க" என்பார் மருத்துவர். உண்மைதான். மென்பொருள் எழுதும் எனக்கும் சதவீதம் பழக்கம். ஆயிரம் சர்வரில் ஒன்று விழுந்தால் கணக்கு கெடாது. ஆனால் படுத்திருப்பவர் ஆயிரத்தில் ஒரு பங்கு சாவதில்லை. செத்தால் முழுசாகச் சாவார்.

அப்படியென்றால் வேண்டாமா? பிழைத்த உயிரைப் பணயம் வைப்பது பேராசையா? கூலிக்காக நாம் தினமும் பைக்கில் நெடுஞ்சாலையில் போகிறோம். அதை யாரும் பேராசை என்பதில்லை. காலிழந்தவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? அவருடைய உயிரை நாம் கொடுத்த சலுகையாக நினைப்பதால்தான்.

மனைவி, பிள்ளைகளுக்கும் இதில் இழப்பு உண்டு. அவர்கள் பேச வேண்டும், அவரும் கேட்க வேண்டும். ஆனால் முடிவு அவருடையது. அதற்கு முதலில் இரத்தக்கட்டி என்ற வார்த்தையை அவர் காதில் யாராவது நிதானமாகப் போட்டிருக்க வேண்டும். அது தெரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது. தெரிந்தபின் அவர் சொல்வது "சரி"யோ "வேணாம்"மோ, "உசுரு இருக்குல்ல" என்று நாம் குறுக்கே விழ வேண்டியதில்லை.