மறைந்த ஒளி தரும் அறிவு

சூரியக் குடும்பத்தின் தொலைதூரப் பொருள் ஒன்று, பூமியிலிருந்து பார்க்கையில் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வரும்போது அந்த விண்மீன் சிறிது நேரம் மறைகிறது. இதை விண்மீன் மறைப்பு என்பர். கருவி பதிவது விண்மீனின் ஒளியைத்தான். கடந்து செல்லும் பொருள் பல வேளைகளில் தென்படுவதே இல்லை. ஆயினும் அதன் அளவும் வடிவமும் அந்த மறைவிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. 1988இல் புளூட்டோ ஒரு விண்மீனை மறைத்தபோது ஒளி சட்டென அணையாமல் படிப்படியாக மங்கியது. அங்கே வளிமண்டலம் உண்டு என்பது அதனால் தெரிந்தது. ஒளியின் இன்மையைக் கொண்டு ஒரு பொருளின் இருப்பை அறிவது எவ்வகை அறிவு? காட்சியா, அனுமானமா, இரண்டிலும் சேராததா?

இன்மை எப்படி அறியப்படுகிறது என்பது இந்திய மெய்யியலில் நெடுங்காலம் நடந்த வழக்கு. தரையில் குடம் இல்லை என்பதை அறிய அனுபலப்தி (காணாமை) என்ற தனி அளவை, அதாவது அறியும் வழி, வேண்டும் என்றனர் குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர். வெறுந்தரையைக் காண்பதற்கு மேல் அங்கே எதுவுமில்லை என்றனர் பிரபாகரர் வழியினர். நியாய மரபு இன்மையும் புலனுக்கு எட்டும் என்றது. பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். தமிழில் மணிமேகலை அபாவத்தையும் (இன்மையையும்) அளவைகளுள் ஒன்றாகச் சொல்கிறது. சிவஞான சித்தியாரோ பல அளவைகளைக் கூறி, அனைத்தையும் காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றனுள் அடக்குகிறது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கிய நிகழ்வு இந்த வழக்குக்கு அரிய சான்று. ஜேம்ஸ் எலியட் குழுவினர் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த கைப்பர் வான்வழி ஆய்வகத்திலிருந்து அதைப் பதிவு செய்தனர். தமிழ்நாட்டின் காவலூர் ஆய்வகத்தில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே விண்மீனை நோக்கிக்கொண்டிருந்தனர். காவலூரில் ஒளி சற்று நேரம் குறைந்தது. அது யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்றின் வேலை என்று அவர்கள் கருதினர். விமானத்தில் கிடைத்த பதிவில், கோள் விண்மீனை மறைப்பதற்கு முன் ஐந்து சிறு மங்கல்கள். மறைத்த பின்னும் ஐந்து. இருபுறமும் ஒத்த தொலைவில் அவை அமைந்திருப்பது தெரிந்ததும், கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது விளங்கியது. 1986இல் வாயேஜர் 2 விண்கலம் அவற்றை அருகிலிருந்து படமெடுத்தது.

ஒளி குறைந்தது என்பதில் காவலூரும் பிழைபடவில்லை. பொருள் கொண்டதில்தான் வேறுபாடு. ஆக, இன்மையை அறிவது ஒரு படி, அதற்குக் காரணம் கற்பிப்பது இன்னொரு படி. முதற்படியை அனுமானத்தில் சேர்க்காமல் தனியே வைத்த மரபுகளுக்கு இந்த நிகழ்வு வலுவூட்டுகிறது எனலாம். அதிலும் நியாயத்தின் நிலைப்பாடே கூடுதலாகப் பொருந்துகிறது: மங்கல் கருவியின் பதிவில் நேரே கிடப்பது. துணைக்கோளா வளையமா என்பதுதான் கருதலின் பங்கு.

காணாமையைச் சான்றாகக் கொள்வதற்கு நியாயம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: பொருள் அங்கே இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும். அந்த மரபின் உதயணர் தம் நியாய குசுமாஞ்சலி நூலில் இந்த நிபந்தனையைக் கொண்டே, கடவுள் காணப்படாததால் இல்லை என்ற வாதத்தை மறுத்தார். புலனுக்கு எட்டும் தன்மையே இல்லாத ஒன்றைக் காணாமை எதையும் நிறுவாது என்பது அவர் முடிபு. இந்த வாதம் இரு பக்கமும் வெட்டும்: காணாமை கடவுளை மறுக்காது, ஆனால் புலனுக்கு எட்டாமையே கடவுளுக்குச் சான்றாகவும் ஆகாது. உதயணரும் அதை அறிந்தே வேறு வாதங்களைத் தேடினார்.

விண்மீன் மறைப்பில் இந்த நிபந்தனை நாள்தோறும் கணக்காக வருகிறது. 2017 ஜூன் 3 அன்று அர்ஜென்டினாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நிறுத்திய தொலைநோக்கிகள் எதிலும், பின்னர் அரோகோத் எனப் பெயர் பெற்ற பொருளின் மறைப்பு பதிவாகவில்லை. பொருள் எண்ணியதைவிடச் சிறியதோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் விண்மீன் ஒளியில் அப்பொருள் வீழ்த்தும் நிழல் அவற்றின்மேல் விழாமலும் போயிருக்கலாமே! ஜூலை 17 அன்று அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் ஐந்து தொலைநோக்கிகள் மறைப்பைப் பிடித்தன. அந்த ஐந்து பதிவுகளும் பொருளின் குறுக்கே ஐந்து கோடுகளாக அமைந்து, இரு மடல்கள் ஒட்டிய வடிவைச் சுட்டின. 2019 ஜனவரி 1 அன்று அருகே சென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதை உறுதி செய்தது. ஜூலை 17 அன்று பக்கத்தில் நின்றும் மறைப்பைக் காணாத தொலைநோக்கிகளும் பயன்பட்டன: அவை இருந்த இடங்கள் நிழலுக்கு வெளியே என்பதால், அரோகோத் எவ்வளவு தூரம்வரை பரவியிருக்க முடியாது என்பதை அவையே வரையறுத்தன.