வருகைக் கடன்: முதலாண்டு மாணாக்கரின் வகுப்பு வருகை குறித்த ஓர் அறவியல் நோக்கு

வகுப்பிற்கு வருதல் கல்லூரி மாணாக்கரின் கடமை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. ஆனால் அக்கடமை யாருக்குச் செலுத்தப்படும் கடன் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பல்கலைக்கழகத்திற்கா, ஆசிரியருக்கா, கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கா? இம்மூன்றும் அல்லாத வேறொரு விடையை நன்னூற் பொதுப்பாயிரத்தினின்று பெற இயலும். அதனை ஆலுவா வட்டாரச் சூழலை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முயல்கிறது.

பெரியாற்றங்கரையில் அமைந்த ஆலுவா, 1921இல் தோன்றிய யூனியன் கிறித்தவக் கல்லூரியால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கல்லூரி ஊராக விளங்கி வருகிறது. இவ்வட்டாரத்து முதலாண்டு மாணாக்கரின் வருகைக் குறைவிற்குச் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. பல்கலைக்கழகங்களின் இணையவழிச் சேர்க்கையில் ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகின்றன. இறுதிப் பட்டியலில் இடம்பெறும் மாணாக்கர், வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே வந்து சேர்கின்றார். 2024 ஜூலை முதல் நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்தது. தாம் தெரிவு செய்த பாடங்களுக்கேற்ப மாணாக்கர் வெவ்வேறு அறைகளுக்குப் பிரிந்து செல்கின்றனர். மேனிலைப் பள்ளியில் ஒரே அறையில் ஒரே வகுப்பாசிரியரின் கண்காணிப்பில் இருந்தவருக்கு, தம் இன்மையைக் கவனிப்பார் எவரும் இலர் என்னும் உணர்வு முதல் மாதத்திலேயே தோன்றிவிடுகிறது. தனியார் பேருந்துகளில் சலுகைக் கட்டணம் செலுத்தும் மாணாக்கரை, ஏனைய பயணிகள் ஏறி முடியும்வரை நிறுத்திவைக்கும் வழக்கத்தைக் கேரளத்தில் அறியாதார் இலர். முதல் மணி வகுப்பில் தாமதமாக நுழைபவரைக் கடிந்துகொள்ளும் ஆசிரியர் பலரும் மகிழுந்தில் வருபவர்கள் என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் தகும்.

தேர்வெழுத 75 விழுக்காடு வருகை தேவை என்பது பரவலான விதி. இவ்வெண் அறத்தினின்று பெறப்பட்டதன்று, நிருவாக வசதிக்காக வகுக்கப்பட்டது என்பதை 2023ஆம் ஆண்டு நிகழ்வு தெளிவுறுத்தியது. ஆலுவாவை அடுத்த களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அவ்வாண்டு ஜனவரியில், மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் கூடுதலாக 2 விழுக்காடு வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதாக அறிவித்தது. அதே மாதத்தில் கேரள அரசு இதனை மாநிலப் பல்கலைக்கழகங்கள் அனைத்திற்கும் விரிவுபடுத்தி, மாதவிடாய் விடுப்பு உட்பட 73 விழுக்காடு போதுமென ஆணையிட்டது. பாராட்டத்தக்க ஆணை இது. எனினும், கூடுதலாக வழங்கப்பட்டதும் குறையைப் பொறுத்தல் என்னும் சொல்லாட்சியிலேயே அமைந்துள்ளது. உடலின் இயற்கை ஒரு குறையாகவும், அதனைக் கருத்திற்கொள்ளுதல் ஒரு மன்னிப்பாகவும் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. பொறுத்தல் என்னும் சொல்லே, முன்னரே ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று கொள்கிறது.

தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இப்பொறுத்தலுக்குக் கட்டணமும் உண்டு. 75 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைந்தவர் குறிப்பிட்ட தொகையைச் செலுத்தித் தேர்வெழுதலாம். மாணாக்கர் வழக்கில் இது 'கண்டோனேஷன்'. வராமை ஒழுக்கக் குறையெனில், பணம் அதனை எவ்வாறு நீக்கும்? அது குறையன்று எனில், கட்டணம் எதற்கு? வசதியுள்ள மாணாக்கருக்கு இத்தொகை விடுமுறையின் விலையாகிவிடுகிறது. இரவில் உணவகத்திலோ உணவு விநியோகத்திலோ உழைத்துக் காலை வகுப்பைத் தவறவிடும் மாணாக்கரோ, எந்த ஊதியத்திற்காக வகுப்பை இழந்தாரோ அவ்வூதியத்தினின்றே அதனைச் செலுத்த நேர்கிறது. ஒரே தொகை ஒருவருக்குச் சலுகையாகவும் மற்றவருக்கு இரண்டாம் தண்டனையாகவும் அமைகிறது.

வருகைக்கு மதிப்பெண் வழங்குதல் இதன் மறுபக்கமாகும். மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு இளநிலைப் பாடத்திட்ட ஒழுங்குமுறையில், செய்முறை இல்லாத பாடங்களுக்குரிய அகமதிப்பீட்டு மதிப்பெண் 20இல் 5 வருகைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 90 விழுக்காட்டிற்கு மேல் வந்தவர் ஐந்தும் பெற்றார். கற்றது எவ்வளவு என்று அளக்க வேண்டிய மதிப்பெண், அமர்ந்திருந்த நேரத்தை அளக்கும் கருவியாயிற்று. இத்தகைய விதிகள் வருகையைக் கூட்டுகின்றன என்பதை மறுத்தற்கில்லை. ஆனால் அவற்றின் கடுமை எங்கு முடியும் என்பதை நீதிமன்றங்களும் எண்ணத் தொடங்கியுள்ளன. 2016இல் நிகழ்ந்த ஒரு சட்ட மாணவரின் தற்கொலையை ஒட்டி எழுந்த வழக்கில், வருகைக் குறைவின் பொருட்டுச் சட்ட மாணாக்கர் எவரையும் தேர்வெழுதவிடாமல் தடுத்தல் கூடாது என 2025 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்டனையை நீக்கினால் கடமையும் நீங்கிவிடுமா? இவ்விடத்தில் நன்னூல் துணைசெய்கிறது. பவணந்தியார் பாடங்கேட்டலின் மரபைக் கூறும் நூற்பா, உரிய பொழுதில் செல்லுதலில் தொடங்கி, போகச் சொன்னபின் போதலில் முடிகிறது. நம் வருகைப் பதிவேடு பதிவு செய்வன இவ்விரு முனைகளை மட்டுமே. இடையில் அவர் கூறும் ஆர்வம், அடக்கம், செவியே வாயாகவும் நெஞ்சே கொள்கலனாகவும் ஏற்றல், கேட்டதை விடாது உளத்தமைத்தல் ஆகியன எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மாணாக்கரின் தரத்திற்கு அவர் காட்டும் அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்னும் எட்டு உவமைகளும் வகுப்பில் இருப்பவனைப் பற்றியனவே. வராதவனுக்கு அவர் உவமை தேடவில்லை!

இதனினும் இன்றியமையாதது அவர் தரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை முற்றும் பெற்றாலும் புலமையில் காற்கூறே கிட்டும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும். இக்கணக்கின்படி நோக்கின், வகுப்பிற்கு வாராத மாணாக்கன் ஆசிரியரிடம் இழப்பது காற்கூறே. அதனை நூலகத்திலோ இணையத்திலோ ஒருவாறு ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அவன் வாராமையால் உடன்பயில்வார் இழப்பதை எவரும் ஈடுசெய்ய இயலாது. அவன் கேட்டிருக்கக்கூடிய ஐயம், அவன் பிழைபடப் பிரித்துப் படித்திருக்கக்கூடிய ஒரு சீர், அதனைத் திருத்தும் வாயிலாகப் பிறர் பெற்றிருக்கக்கூடிய தெளிவு ஆகியன அன்று அவ்வகுப்பில் நிகழாமலே போகின்றன. ஆகவே வருகை என்பது முதன்மையாக உடன்பயில்வார்க்குச் செலுத்தும் கடன் எனக் கொள்ளலாம். நிறுவனத்திற்குரிய கடனெனில் பணத்தால் தீர்க்கலாம். ஒரு சாலை மாணாக்கர் தமக்குள் பட்ட கடனுக்குக் கட்டணம் மாற்றாகாது.

நன்னூலை அப்படியே இன்றைய வகுப்பிற்குப் பொருத்துதலும் இயலாது. பாடஞ்சொல்லத் தகாதார் வரிசையில் அது நோயுற்றவனையும் உறங்குபவனையும் வைக்கிறது. சிலர்க்கு மட்டுமே உரியதாக இருந்த கல்வியில் அவ்விலக்கு இயல்பாகத் தோன்றியிருக்கலாம். அனைவர்க்கும் உரிய கல்வியில் அது கொடுமையாகும். எனினும் நாம் அதனைக் கைவிட்டுவிட்டோம் என்று பெருமை கொள்வதற்கில்லை. 75 விழுக்காட்டு விதி, அதே இருவரையும் பெயர் சுட்டாமல் வெளியேற்றுகிறது.

கடன் உடன்பயில்வார்க்குரியது எனின், அதனைச் செலுத்துதற்குரிய வாய்ப்பு வகுப்பில் இருத்தல் வேண்டும். ஆசிரியர் குறிப்புரைக்க நாற்பது பேர் எழுதிக்கொள்ளும் வகுப்பில் ஒருவர் வாராமையால் எவர்க்கும் இழப்பில்லை. அவ்வகுப்பிற்கு வரவேண்டும் என்பதற்குத் தண்டனையன்றி வேறு காரணம் கூற இயலாது. ஆலுவா அத்வைத ஆசிரமத்தில் ஸ்ரீ நாராயண குரு 1924இல் கூட்டிய சர்வமத மாநாடு, வாதத்தில் வெல்லுதலை விலக்கி, அறிதலையும் அறிவித்தலையும் தன் நோக்கமாக அறிவித்தது. குரு தமிழிலும் பாடல்கள் இயற்றியவர். நன்னூலின் காற்கூற்றுக் கணக்கோடு ஒப்புநோக்கத்தக்க நோக்கம் இது. முதலாண்டு வகுப்பில் அறிதல் மட்டுமே நிகழ்கிறது. அறிவித்தல் முதுகலைக் கருத்தரங்கிற்கென ஒதுக்கிவைக்கப்படுகிறது. புறநானூற்றுப் பாடலொன்றை நால்வர் பகுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தம் பகுதியின் பொருளை மறுநாள் ஏனையோர்க்கு உரைக்கும் முறையை முதற்பருவத்திலேயே கைக்கொள்ளலாம். ஒருவர் வாராவிடில் பாடலின் நடுவே அடிகள் விடுபடுவதை மாணாக்கரே காண்பர்.

விதியிலும் சிறு திருத்தங்கள் இயலும். பிந்திச் சேர்ந்தவரின் வருகை விழுக்காட்டைச் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிடுதல் வேண்டும். பொறுத்தற் கட்டணம் வேண்டுவதில்லை. பிந்தி வந்தவரும் இரவில் உழைப்பவரும் தவறவிட்ட பகுதியை உடன்பயில்வாரிடம் கேட்டறிந்து, ஒரு மணி வகுப்பில் எடுத்துரைப்பதை அதற்கு ஈடாகக் கொள்ளலாம். அவ்வாறு உரைக்கப்படும் நாளில் ஆசிரியர் கேட்போர் வரிசையில் அமர வேண்டியிருக்கும். பதிவேட்டில் அவர் பெயருக்கு இதுகாறும் இடமில்லை.