மனை விலையும் மனச்சாட்சியும்

களவு செய்யலாகாது, பொய் சொல்லலாகாது என்று நம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கிறோம். ஆனால் நிலம் விற்கிற நாளிலும் வாங்குகிற நாளிலும் அந்தக் கற்பனைகள் நம்மோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குள் வருகின்றனவா? “விலை என்பது விற்பவனும் வாங்குபவனும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம். இருவருக்கும் சம்மதமானால் மூன்றாம் மனிதனுக்கு அதில் என்ன வேலை?” என்பதே நம்மில் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்று, நம்முடைய பகுதியின் நிலைமையை வைத்தே சற்று ஆராய்வோம்.

செங்கல்பட்டை ஏரிகள் மாவட்டம் என்பார்கள். ஒரு காலத்தில் இங்கே நிலம் என்றால் நெல்லும் நீரும். கடலோரத்தில் என்றால் சவுக்கும் உப்பும் வலை உலர்த்தும் மணலும். இன்று நிலம் என்றால் மனை. காணியென்றும் ஏக்கரென்றும் அளந்த மண்ணைச் சதுர அடியில் அளக்கிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரி வரை சீராக்கப்பட்டு 2002-ல் சுங்கச் சாலையாயிற்று. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா உலக நகரம் எழுந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசாணை பிறந்தது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்பு ஒன்று காதில் விழுந்தாலே போதும், தரகர் சொல்லும் விலை மறுநாளே மாறிவிடுவதை நாம் அறிவோம்.

இந்த ஏற்றத்தை உண்டாக்கியது யார்? சாலை போட்டவர்கள் தொழிலாளிகள். அதற்குப் பணம் கொடுத்தவர்கள் பொதுமக்கள். தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வந்ததால் ஜனங்கள் வந்தார்கள். ஜனங்கள் வந்ததால் விலை ஏறிற்று. மனைக்குச் சொந்தக்காரரோ நான்கு மூலையில் கல் நட்டதன்றி வேறொன்றும் செய்யவில்லை. இதைக் கண்டுதான் அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879-ல் வெளிவந்த தம் நூலில், நிலத்தால் வரும் ஆதாயத்தைச் சமுதாயமே வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார்.

அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ல் எழுதிய நிருபத்தில் தனிச் சொத்துரிமையை உறுதியாக ஆதரித்தார். அதே நிருபத்தில், சொத்தை வைத்திருப்பது வேறு, அதை உபயோகிக்கும் விதம் வேறு என்றும், உபயோகத்தில் இல்லாதவனை மறக்கலாகாது என்றும் போதித்தார். 1967-ல் பாப்பரசர் 6-ஆம் சின்னப்பர், சொத்துரிமை எவருக்கும் நிபந்தனையற்ற உரிமையன்று என்று இன்னும் தெளிவாகக் கூறினார். ஆகவே சம்பளத்தைக் கையில் வாங்கும்போது “இது என் வியர்வை” என்று சொல்வது போல, மனையின் விலையேற்றத்தைக் கையில் வாங்கும்போது சொல்ல முடியாது. அது நமக்குச் சேரலாம்; ஆனால் நம்மால் மாத்திரம் வந்ததன்று. இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

“அப்படியானால் சந்தை விலைக்கு விற்பது பாவமா?” என்று கேட்கலாம். அல்ல. நியாய விலை என்பது ஓர் ஊசிமுனைப் புள்ளியன்று என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அக்கம்பக்கத்தார் கொடுத்து வாங்கும் விலையே பெரும்பாலும் தக்க அளவுகோல். ஆனால் இரு தரப்பாரும் விஷயம் அறிந்தவர்களாய், இருவரில் ஒருவரும் மூலையில் நெருக்கப்படாதவர்களாய் இருந்தால்தான் அந்த அளவுகோல் நேராக நிற்கும். நெருக்கடி, அறியாமை, பொய் ஆகிய மூன்றில் ஒன்று புகுந்தாலும் அது கோணிவிடும்.

முதலாவது நெருக்கடி. ஒருவன் தன் பொருளை விற்பதால் தனக்கு நேரும் நஷ்டத்தையும் சேர்த்து விலை கேட்கலாம். ஆனால் வாங்குபவனுடைய தேவை மிகுதியைக் காட்டி விலையை ஏற்றலாகாது, ஏனெனில் அந்தத் தேவை விற்பவனுடைய சொத்தன்று. இது அர்ச். தோமாஸின் போதனை. இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் நியாயம் மாறாது. ஆஸ்பத்திரிச் செலவுக்காகவோ, படகுக் கடனுக்காகவோ, ஒரு வாரத்துக்குள் மனையை விற்றே தீரவேண்டிய குடும்பத்திடம் பாதி விலைக்குக் கிரயம் பேசுகிறவன், அவர்களுடைய துன்பத்தைத் தன் லாபமாக்கிக்கொள்கிறான். “அவர்கள் சம்மதித்தார்களே” என்பது விடையாகாது. மூழ்குகிறவன் எந்த விலைக்கும் சம்மதிப்பான்.

இந்த நெருக்கடி வீட்டுக்குள்ளேயும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. மனை விலை ஏறாத காலத்தில் பேசப்படாத பங்கு, விலை ஏறியதும் விடுதலைப் பத்திரமாக வந்து நிற்கிறது. “கல்யாணத்துக்குத்தான் செய்தோமே, கையெழுத்துப் போடம்மா” என்று தங்கையை வற்புறுத்துகிற அண்ணன், அவள் தானாக மனமுவந்து கொடுத்தாள் என்று எப்படிச் சொல்வான்? பிறந்த வீட்டுக்கு வருவதும் போவதும் நின்றுவிடுமோ என்ற அச்சமும் ஒரு நெருக்கடியே.

இரண்டாவது அறியாமை. கண்ணுக்குத் தெரியும் குறையை விற்பவன் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மறைந்திருக்கும் குறையைச் சொல்லியே ஆகவேண்டும். நம் பகுதியில் மறைந்த குறை எது? சித்திரையில் காட்டும் மனை காய்ந்து, சமனாய், அழகாயிருக்கும். ஐப்பசி கார்த்திகையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். ஏரிகள் மாவட்டத்தில் எது வாய்க்கால், எது நீர்ப்பிடிப்பு என்பது ஊராருக்குத் தெரியும். சென்னையிலிருந்து வந்து முன்பணம் கொடுப்பவருக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் வெள்ளம் எங்கெங்கே ஏறிற்று என்பதை விற்பவர் வாய் திறந்து சொல்லுகிறாரா?

அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளின் கதையும் அதுவே. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளைப் பத்திரம் பதியத் தடை விதித்தபோது, ஆயுள் சேமிப்பைக் கொட்டியிருந்த எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நின்றன. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபின், கட்டணம் செலுத்தி ஒரு வழி காண வேண்டியதாயிற்று. மாமல்லபுரத்திலோ, பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். கடலோரத்துக்கென்று தனி விதிகளும் உண்டு. “கடலைப் பார்த்தபடி வீடு கட்டலாம்” என்று ஆசை காட்டிவிட்டு இவற்றை மறைப்பவன் நிலத்தை மட்டுமா விற்கிறான்? வழக்கையும் சேர்த்தன்றோ விற்கிறான்!

இங்கே ஒரு நுட்பமான கேள்வி எழும். வரப்போகும் சாலையைப் பற்றி எனக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. நான் சொல்ல வேண்டுமா? ரோமாபுரி அறிஞர் சிசரோ இதைப் போன்ற ஒன்றை ஆராய்ந்தார். பஞ்சத்தில் வாடிய ரோடு தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வியாபாரி, பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதை மறைக்கலாமா? கூடாது என்றார் சிசரோ. கண்டிப்பான நீதிப்படி சொல்லக் கடமையில்லை, சொன்னால் அது மேலான புண்ணியம் என்றார் அர்ச். தோமாஸ். ஆகையால் தன் புத்தியால் முன்னறிந்து வாங்கியவனைக் கள்ளன் என்று நாம் சொல்ல வேண்டாம். ஆனால் அரசாங்க உத்தியோகத்தால் கிடைத்த இரகசியத்தைக் கொண்டு, பள்ளிப் படிப்பும் இல்லாத விவசாயியிடம் வாங்குபவனுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அந்த அறிவு அவனுடையதன்று, பொதுமக்களுடையது.

மூன்றாவது பொய். கையில் மாறுவது ஒரு தொகை, பத்திரத்தில் ஏறுவது வேறொரு தொகை. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டு, முத்திரைத் தீர்வை முதலியவற்றோடு கிரயத்துக்கு மொத்தம் 9 சதவீதமாயிற்று. 40 இலட்சத்துக்கு வாங்கிய மனையை வழிகாட்டி மதிப்பான 20 இலட்சத்துக்கு எழுதினால், 1 இலட்சத்து 80 ஆயிரம் மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். “சர்க்காரைத்தானே ஏமாற்றுகிறோம், அயலானையல்லவே” என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அயலானையும்தான்! 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, சாலைக்கோ வேறு பொதுக் காரியத்துக்கோ நிலம் எடுக்கும்போது, வழிகாட்டி மதிப்பும் அக்கம்பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் சராசரியும் ஒப்பிடப்பட்டே விலை தீர்மானிக்கப்படுகிறது. எல்லாரும் குறைத்து எழுதிய ஊரில், நிலத்தைப் பறிகொடுக்கும் ஏழைக்குக் கிடைக்கும் ஈடும் குறைந்துபோகும். யாரோ எழுதிய பொய்க்கு அவன் விலை கொடுக்கிறான்.

இறுதியாக, எந்த விலை கொடுத்தாலும் நியாயமாகாத கிரயம் ஒன்று இம்மாவட்டத்தில் உண்டு. 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், தாழ்த்தப்பட்ட மக்களின் பரிதாப நிலையை விவரித்துச் சர்க்காருக்கு அறிக்கை அனுப்பினார். அதன் பயனாக 1892-ல் அம்மக்களுக்கு நிலம் வழங்க உத்தரவாயிற்று. அதுவே பஞ்சமி நிலம். முதல் 10 ஆண்டுகள் எவருக்கும் கைமாற்றலாகாது. அதன்பின்னும் அம்மக்களுக்குள்ளேயே மாற்றலாம் என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி எழுந்த போராட்டத்தில் போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். வேலி போட்டு, வர்ணம் அடித்து, மனையாக விற்கப்படும் நிலத்தின் மூலப்பத்திரத்தைத் தேடிப் பார்ப்பது நம் பணத்துக்குக் காவல் மட்டுமன்று. அது யாருடைய அப்பமாயிருந்தது என்று கேட்பதும் ஆகும். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆக்காபு அரசன் நல்ல விலையே பேசினான் என்பதை மறக்கலாகாது.

ஆகவே பங்கிலுள்ள குடும்பத்தாருக்கு நாம் கூறுவது இதுதான். மகள் கல்யாணத்துக்கென்று மனை வாங்கி வைப்பது குற்றமன்று. அதைத் தக்க விலைக்கு விற்பதும் குற்றமன்று. ஆனால் முன்பணம் கைமாறுமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து சில காரியங்களை விசாரித்துக்கொள்ளட்டும். எதிரில் இருப்பவர் நெருக்கடியில் இருக்கிறாரா? அவருக்குத் தெரியாதது நமக்கு என்ன தெரியும்? பத்திரத்தில் எழுதப்போவது மெய்தானா? உடன்பிறந்தவள் மனதார ஒப்பினாளா? இந்த நிலத்தில் வேறு எவருக்காவது உரிமை உண்டா? இவற்றுக்கு நேரான விடை கிடைத்தால் தைரியமாய்க் கையெழுத்திடலாம். கிடைக்காவிட்டால், தரகர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பேனாவைக் கீழே வைத்துவிடுவதே உத்தமம்.