தொகுதியும் பகுதியும்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றை நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தது டொராண்டோவில், ஆன்சைட் வேலைக்குப் போயிருந்தபோது. முதல் பத்து நிமிடம் பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அது பந்தே இல்லை, கறுப்பு ரப்பர் வில்லை, அதற்குப் பெயர் ‘பக்’ என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். காலையிலிருந்து மாலைவரை வேறு வகை ‘பக்’குகளைத் துரத்திக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பெயர் உடனே மனதில் ஒட்டிக்கொண்டது.

பக்கத்து இருக்கைக்காரர் என் ஆபீஸ்காரர். மான்ட்ரியாலில் பிறந்தவர், அறுபதை நெருங்குகிறவர். டொராண்டோவுக்கு வந்து முப்பது வருடம் ஆகியும் மனதளவில் ஊர் மாறாதவர். எங்கள் ஆபீஸ் முழுக்க டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் ரசிகர்கள். இவர் ஒருவர்தான் மான்ட்ரியால் கனேடியன்ஸ் கட்சி. லஞ்ச் நேரத்தில் தினமும் சண்டை. அவருடைய வாதம் எப்போதும் ஒரே வரிதான். “24 பெரிசா, 13 பெரிசா?”

அந்த எண்கள் ஸ்டான்லி கோப்பைகளின் எண்ணிக்கை. 1892-ல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு கொடுத்த கோப்பை அது. இன்றைக்கு அதற்காக ஆடுகிற என்.எச்.எல். லீக் தொடங்கியது 1917-ல். 1909-ல் பிறந்த கனேடியன்ஸ் அணி லீக்கைவிட மூத்தது. அதன் முதல் கோப்பையே 1916-ல், லீக் பிறப்பதற்கு முன் வந்தது. மொத்தம் 24. மேப்பிள் லீஃப்ஸ் 13, கடைசியாக 1967-ல். அடுத்து டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 11. அதற்கப்புறம் பாஸ்டனும் சிகாகோவும் ஆளுக்கு 6. பட்டியல் முடிந்தது, இதில் என்ன வாதம் வேண்டிக்கிடக்கிறது என்பார் அவர்.

எனக்கு அரிப்பு எடுத்தது. எஞ்சினியர்களுக்கு இது ஒரு வியாதி. யாராவது எதையாவது வரிசைப்படுத்தினால், அந்த வரிசை எந்த விதியால் வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, எல்லா வருடத்துச் சாம்பியன்களையும் ஒரு கோப்பில் போட்டு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தோன்றியது பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கு. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 24, 13, 11 எல்லாம் வெறும் தொகுதிகள். பகுதி எங்கே?

1942 முதல் 1967 வரை அந்த லீக்கில் இருந்தது ஆறே அணிகள். ஆறில் நான்கு அணிகள் பிளேஆஃபுக்குப் போகும். இரண்டு தொடர்களை ஜெயித்தால் கோப்பை. இன்றைக்கு 32 அணிகள்; கோப்பைக்கு நான்கு தொடர்களைத் தாண்ட வேண்டும். எல்லா அணியும் சமபலம் என்று வைத்துக்கொண்டால், ஆறு அணிக் காலத்தின் 25 பருவங்களில் ஒவ்வொரு அணிக்கும் ‘நியாயமாக’ விழ வேண்டியது நான்கு கோப்பைக்குக் கொஞ்சம் மேல். நடந்தது என்ன? கனேடியன்ஸ் 10, லீஃப்ஸ் 9, டெட்ராய்ட் 5, சிகாகோ 1. பாஸ்டனுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் ஒன்றுகூட இல்லை. கனேடியன்ஸ் தன் பங்கைப்போல 2.4 மடங்கு வாங்கியிருக்கிறது.

இதே அளவுகோலை எல்லோருக்கும் வைத்தேன். வேகஸ் கோல்டன் நைட்ஸ் லீக்குக்கு வந்தது 2017-ல். 2024–25 வரை எட்டுப் பருவங்கள். 31, 32 அணிகளுக்கு நடுவே எட்டு வருடத்தில் அவர்களுக்கு விழ வேண்டியது கால் கோப்பை. 2023-ல் முழுசாக ஒன்று வாங்கிவிட்டார்கள். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆக, ஐந்து வருடம் தொடர்ச்சியாக, 1956 முதல் 1960 வரை, கோப்பையைக் கையைவிட்டு இறக்காத கனேடியன்ஸின் பொற்காலத்தைவிடப் பாலைவனத்தில் நேற்று முளைத்த அணி மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

சிரிப்பு வந்தது. எட்டு வருடத்தை வைத்து ஓர் அணியை எடைபோடக் கூடாது என்பது தெரிந்ததுதான். சரி, குறைந்தபட்சம் எத்தனை வருடம் ஆடியிருந்தால் சேர்க்கலாம்? 20? 30? நான் 25 என்று போட்டால் ஒரு வரிசை, 40 என்று போட்டால் இன்னொரு வரிசை. அந்த எண்ணை எந்தத் தரவும் எனக்குச் சொல்லவில்லை. நான்தான் டைப் செய்தேன்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 32 அணிகளும் துல்லியமாகச் சமபலம், ஒவ்வொரு வருடமும் சீட்டுக் குலுக்கிப்போட்டுக் கோப்பை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 32 வருடம் கழித்து எத்தனை அணிகள் வெறுங்கையோடு நிற்கும்? ஆளுக்கு ஒன்று கிடைத்திருக்கும் என்று மனம் சொல்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட அணி ஒரு கோப்பைகூட வாங்காமல் போவதற்கான வாய்ப்பு 36 சதவீதம். அதாவது பதினோரு பன்னிரண்டு அணிகள், எந்தக் குறையும் இல்லாமல், ஒரு தலைமுறை முழுக்கத் ‘தோல்வியாளர்’ என்ற பெயரோடு இருக்கும். அவர்களுடைய மேனேஜரை மாற்றுவார்கள், கோச்சைத் துரத்துவார்கள், “அவங்ககிட்ட ஜெயிக்கிற மனசு இல்ல” என்று பத்தி எழுதுவார்கள். நடந்தது வெறும் குலுக்கல்.

நிஜமான ஆட்டம் குலுக்கல் இல்லைதான். ஆனால் குலுக்கல் அதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு பாஸ்டன் ப்ரூயின்ஸ் சாட்சி. 2022–23 பருவத்தில் 82 ஆட்டங்களில் 65 வெற்றி, 135 புள்ளிகள். லீக் வரலாற்றில் அதுவரை யாரும் தொடாத உயரம். பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம், 3–1 என்று முன்னிலையில் இருந்து, தோற்று வீட்டுக்குப் போனார்கள். கோப்பைப் பட்டியலில் அந்த வருடத்துப் பாஸ்டனின் எண் பூஜ்யம். 82 நாள் உழைப்பு வெற்றியா, ஒரு கோடைக்கால வாரம் வெற்றியா?

‘அணி’ என்றால் யார் என்பது அடுத்த கேள்வி. கியூபெக் நகரத்து நார்டிக்ஸ் அணி என்.எச்.எல்.லில் 16 பருவம் ஆடியது, கோப்பை வாங்கவில்லை. 1995-ல் அதை விற்று கொலராடோவுக்குக் கொண்டுபோனார்கள். 1996-ல் கோப்பை. பதிவேட்டில் அது ஒரே நிறுவனத்தின் தொடர்ச்சி. குளிரில் 16 வருடம் கத்திய கியூபெக்காரனுக்கு அது யாருடைய கோப்பை? அதே மான்ட்ரியாலில் மரூன்ஸ் என்று இன்னோர் அணி இருந்தது. 1926, 1935 என இரண்டு கோப்பை வாங்கிவிட்டு 1938-ல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. இன்றைய அணிகளை மட்டும் வரிசைப்படுத்தினால் அது இருந்ததே தெரியாது. பட்டியல்கள் பெரும்பாலும் பிழைத்திருப்பவர்களின் பட்டியல்கள்தான்.

திங்கட்கிழமை அவரிடம் போய், “என் கணக்குப்படி வேகஸ்தான் முதல்” என்றேன். அவர் கோபப்படவில்லை. “1993 ஜூன் மாதம் மான்ட்ரியால் ஃபோரம் அரங்கத்தில் நானும் என் அப்பாவும் இருந்தோம். உன் ஸ்கிரிப்ட்டில் அது எந்தக் காலத்தில் வருகிறது?” என்று கேட்டார். அதுதான் கனேடியன்ஸ் வாங்கிய 24-வது கோப்பை. அதற்கப்புறம் இல்லை. நான் பதில் சொல்லாமல் இருக்கைக்கு வந்தேன். அவர் கேட்டதற்காக அல்ல. ‘உன் கணக்கில் இது எந்தக் காலத்தில் வருகிறது’ என்ற கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், முன்பு ஒருவன் என்னிடம் கேட்டிருந்தான்.

டொராண்டோவுக்குப் போவதற்கு மூன்று வருடம் முன்பு சென்னையில் ஏழு பேர் கொண்ட குழுவுக்கு நான் லீடாக இருந்தேன். வருடக் கடைசியில் அப்ரைசல். எங்கள் கம்பெனியில் ரேட்டிங்கை ஒரு வளைவுக்குள் அடக்க வேண்டும். ஏழு பேரில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். எல்லோரும் நன்றாகத்தான் வேலை செய்தார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். “யாராச்சும் ஒருத்தர் பேர் வரணும்ப்பா, சிஸ்டம் சப்மிட் ஆகாது” என்றார் மேலே இருந்தவர்.

நான் பாரபட்சம் பார்க்காதவன் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் எக்செல்லைத் திறந்து, ஆளுக்கு எத்தனை டிக்கெட் முடித்தார்கள் என்று எண்ணினேன். கடைசியில் வந்தவன் மதுரைப் பக்கத்துப் பையன். அதிகம் பேச மாட்டான். அவன் பெயரைப் போட்டேன். மீட்டிங் அறையில் அவனிடம் எண்களைக் காட்டியபோது மெதுவாகக் கேட்டான். “அண்ணா, நான் பழைய பில்லிங் மாட்யூல்ல இருந்தேன்ல. அது உங்க கணக்குல எந்தக் காலம்ணா?”

அந்த மாட்யூல் பன்னிரண்டு வருடத்துக் குப்பை. யாரும் தொட மாட்டோம் என்று ஒதுங்கியது. எழுதியவர்கள் யாரும் கம்பெனியில் இல்லை. அங்கே ஒரு பக்கைப் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். மற்றவர்களுக்குக் கிடைத்தது புது மாட்யூல். அவனை அங்கே போட்டதே நான்தான், அவன் மறுத்துப் பேச மாட்டான் என்பதால். அப்புறம் அவனுடைய தொகுதியை மட்டும் எண்ணினேன். பகுதியை நானே தீர்மானித்துவிட்டு, அது இருப்பதையே மறந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் அவனை அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் ஒன்றும் கெடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எண்கள் இருந்தன அல்லவா.

எண்கள் பொய் சொல்லவில்லை. அந்த எக்செல்லில் ஒரு தவறான எண்கூடக் கிடையாது. அதுதான் என்னை இவ்வளவு நாள் காப்பாற்றியது. ‘நான் தீர்மானிக்கவில்லை, தரவு தீர்மானித்தது’ என்று சொல்லிக்கொள்ளும்போது நாம் ஒரு முடிவை எடுத்துவிட்டு எடுத்த கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறோம். எதை எண்ணுவது, எதால் வகுப்பது, எந்த வருடத்திலிருந்து தொடங்குவது எல்லாமே யாரோ ஒருவர் டைப் செய்ததுதான். அந்த ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

அப்படியானால் வரிசைப்படுத்துவதே அநியாயமா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு கட்-ஆஃப் என்ற ஒரே எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் எஞ்சினியரிங் கல்லூரிக்குள் போனேன். அப்பாவுக்கு யாரையும் தெரியாது. அந்த எண் இல்லாமல், ‘பையன் எப்படி?’ என்று யாராவது யாரையாவது விசாரித்து இடம் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எண்ணைத் தூக்கி எறிந்தால் அந்த இடத்துக்குச் சிபாரிசு வரும், சாதி வரும், மீட்டிங்கில் சத்தமாகப் பேசுகிறவன் வருவான். வாய் திறக்காத மதுரைப் பையன் அப்போதும் கடைசியில்தான் நின்றிருப்பான். ஆக, எண்ணா மனிதனா என்ற கேள்வி பெரிசில்லை. வரிசையின் கடைசியில் நிற்பவனை என்ன செய்கிறோம் என்பதில்தான் ஒரு பட்டியலின் யோக்கியதை தெரியும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஹாக்கிக்காரர்கள் எங்கள் கம்பெனியைவிட விவரமானவர்கள். 1983–84 பருவத்தில் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 38 புள்ளிகளோடு லீக்கிலேயே கடைசி. 1967-ல் உள்ளே வந்ததிலிருந்து அதுவரை ஒரு கோப்பை கிடையாது. அங்கே விதி என்னவென்றால், கடைசியில் வந்தவனுக்குத்தான் அடுத்த வருடத்துப் புது ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு. அவர்கள் எடுத்தது மாரியோ லெமியூவை. 1991, 1992 இரண்டு வருடமும் கோப்பை. இன்றைக்கு அவர்கள் கணக்கில் ஐந்து. அந்த விதியிலும் ஓட்டை உண்டு. லெமியூவுக்காக வேண்டுமென்றே தோற்றார்கள் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. பிற்பாடு 1995-ல் முதல் தேர்வுக்குக் குலுக்கல் முறை வந்தது. எந்த அளவுகோலை வைத்தாலும் அதை ஏமாற்ற ஒருவன் வருவான். இருந்தாலும் கடைசி இடம் என்பது ‘இவனுக்கு நாம் என்ன கொடுக்கவில்லை’ என்று கேட்பதற்கான இடமாக அங்கே இருக்கிறது. எங்கள் எக்செல்லில் அது வாசல் கதவாக இருந்தது. 1984-ல் பெங்குவின்ஸை எங்கள் கம்பெனி நடத்தியிருந்தால் மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கும்.

போன மாதம் அந்தப் பையனுக்கு போன் செய்தேன். வேறு கம்பெனியில் நன்றாகத்தான் இருக்கிறான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் ஒழுங்காக வரவில்லை. “விடுங்கண்ணா, ஆறு மாசம் கஷ்டமா இருந்துச்சு, அப்புறம் சரியாயிருச்சு” என்றான். அந்த ஆறு மாதம் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

வைக்கப்போகும் நேரத்தில் அவனே சொன்னான். இப்போது அவனுக்குக் கீழே நாலு பேர். இந்த வருடம் முதல்முறையாக அவன்தான் ரேட்டிங் போட வேண்டும்.

“ஒருத்தரையாச்சும் கீழ போடணும்ங்கறாங்க. நீங்க எப்படிண்ணா போடுவீங்க?”

அவன் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். “யாருக்கு எந்த வேலையைக் கொடுத்தேன்னு முதல்ல எழுதிவெச்சுக்கோ. அதை எழுதாம எண்ண ஆரம்பிக்காத” என்றேன். அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனும் “சரிண்ணா” என்று மட்டும்தான் சொன்னான். நாலு பேரில் ஒருவன் பெயரை அவன் எழுதியே ஆக வேண்டும். சிஸ்டம் சப்மிட் ஆகாது.