கண்ணில் படாமல்

புதுக்கோட்டையில் ஒளிந்து திரிவது கஷ்டம். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீரமைத்த ஊர். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும். கீழ ராஜ வீதியில் இந்தக் கோடியில் சைக்கிளை மிதித்தால், அந்தக் கோடியில் நிற்பவருக்கே இன்னார் வீட்டுப் பையன் என்று தெரிந்துவிடும். இந்த ஊர்க்காரனுக்கு ஒளிந்து ஆடும் கணினி விளையாட்டு பிடித்துப்போனதில் ஆச்சரியமென்ன?

இந்த வகைக்குப் பாதை போட்டது, ஸ்பெயினின் பைரோ ஸ்டூடியோஸ் உருவாக்கி 1998-இல் வந்த ‘கமாண்டோஸ்’. நான் இப்போது ஆடுவது ஜெர்மனியின் மிமிமி நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த ‘ஷேடோ டாக்டிக்ஸ்’. 1615-இல் ஜப்பான், நம் பக்கம் ஐந்து பேர், எதிரே கோட்டை கொள்ளாத காவலாட்கள். ஒருவனைச் சொடுக்கினால் அவன் பார்வை விசிறிபோலத் தரையில் பச்சையாக விரியும். முழுப் பச்சையில் கால் வைத்தால் தொலைந்தோம். கோடு போட்ட பச்சையில் குனிந்து போனால் தெரியாது. மதுப் புட்டியை வைத்தால் சாதாரணக் காவலாள் தேடி வருவான். வைக்கோல் தொப்பிக்காரனோ அசையவே மாட்டான். பனியில் நடந்தாலோ, காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்தப் பச்சைதான் என்னைக் கட்டிப்போட்டது. யார் நம்மைப் பார்க்கிறார்கள், எதுவரை பார்க்கிறார்கள் என்று வேறெங்கே இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது?

எரிச்சலும் அங்கேதான். ஒரு நேரத்தில் ஒருவன் பார்வையைத்தான் காட்டும். அவனையே கவனித்து அடியெடுத்து வைத்தால், மாடியில் நிற்கும் இன்னொருவன் கூச்சல் போடுவான். ஆள் குவிந்துவிடும். மறுபடி சேமித்த இடத்திலிருந்து. சேமித்து ஒரு நிமிடம் ஆகிவிட்டால் திரையே ஞாபகப்படுத்தும். அந்த உபகாரம் எனக்குப் பிடிக்கவில்லை. அடிக்கொரு தரம் சேமித்தால் பயம் போய்விடுகிறது. பயம் போனதும் யோசனையும் போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காவலாள் சந்தேகம் வந்தால் தேடுவான், பார்த்துவிட்டால் கத்துவான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க அவனுக்குத் தெரியாது. எங்கள் எதிர்வீட்டு அத்தைக்குத் தெரியும். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், தலையே நிமிராது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், இலைக்கு ரசம் வரும் நேரத்தில், “அன்னைக்கு டியூசன் பையைத் தூக்கிக்கிட்டு சினிமாவுக்குத்தானே போனே?” என்றார். நான் அவசரமாக அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தேன்.